நடுவில் சுட்ட மூட்டை

இந்த அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, இடுப்பில் பிள்ளையோடு நின்றபடியே கேட்கும் தாய்மார்களே, என்னோடு வியர்வை சிந்தும் தோழர்களே, வணக்கம்.

குப்பைத் தொட்டியில் குழந்தை என்றால் கொதிக்கிறோம். பெற்றவளைப் பேய் என்கிறோம், பெண்ணா அவள் என்கிறோம். நானும் மேடை மேடையாய்ச் சொன்னவன்தான். இன்று சொல்ல வந்தது வேறு.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இயந்திரம் இயக்குபவன் நான். அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும், கொதிநீரில் வெளுக்கும். மூட்டை பிரிக்கும் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆமை'. ஊசி இருக்கும், கத்தரி இருக்கும் என்று ஒவ்வொன்றாக உதறுவார். சிரிக்கிறீர்கள், நாங்களும் சிரித்தோம்.

ஒரு நாள் காலை பத்து மணி. வேலை மலையாய்க் கிடந்தது. "மூட்டையோட உள்ள தள்ளுக்கா" என்றேன். அக்கா அசையவில்லை.

"தம்பி, இது சூடா இருக்கு."

"வெயில்ல கிடந்திருக்கும்."

"வெயில்ல கிடந்தா மேல சுடும். இது நடுவுல சுடுது."

என் விரல் இயந்திரத்தின் பொத்தான் மேல் இருந்தது, அவையோரே. பொத்தான் மேல் இருந்தது.

பிரித்தார். விரிப்புக்குள் விரிப்பு. அதற்குள், தலைமுடி நாடாவால் தொப்புள்கொடி கட்டிய பெண் சிசு. அழவில்லை. உதடு நீலம். மார்போடு அணைத்துச் சேலையால் மூடிக்கொண்டு அக்கா ஓடினார். இரண்டு மாடி மேலே குழந்தைகள் பிரிவு. ஆமை என்று அழைத்த நான் பின்னால் ஓடினேன், பிடிக்க முடியவில்லை.

பிழைக்குமா? மருத்துவர் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே விரைந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். அங்கே தரை துடைக்கும் பெண்ணொருத்தி, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். இருபது வயதிருக்கும். அவள் துடைத்தது தன் காலடியில் வடிந்த இரத்தத்தை.

அக்கா அவள் தோளைத் தொட்டார். "குழந்தை உள்ளேதாம்மா இருக்கு."

"உசுரோடயா?" என்றாள்.

'பாவி' என்ற சொல் என் நாக்கில் ஏறி நின்றது. "யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று உறுமினேன்.

"உங்ககிட்ட சொல்லலாம்னு ஒரு நாள் வந்தேண்ணே. டீ குடிச்சிட்டு நின்னீங்க. கல்யாணம் ஆகாம மாசமான ஒரு நர்ஸப் பத்திப் பேசிச் சிரிச்சிட்டிருந்தீங்க. திரும்பிப் போயிட்டேன்."

தகப்பன் யார் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி, ஐயா. காவலர் கேட்கவில்லை, செய்தித்தாள் கேட்கவில்லை, அன்று நானும் கேட்கவில்லை. அவளை வேலைக்கு எடுத்த மேற்பார்வையாளன்தான். விஷயம் தெரிந்த மறுவாரமே ஊரை விட்டுப் போனவன்.

ஒன்பதாம் நாள் குழந்தை குரலெடுத்து அழுதது. வழக்கு நடந்தது. அக்கா சாட்சி சொன்னார். நானும் கூண்டேறி, நான் சிரித்த சிரிப்பைச் சொன்னேன். நீதிபதி அவளைச் சிறைக்கு அனுப்பவில்லை. எட்டு மாதம் காப்பகத்தில் வளர்ந்த பிள்ளை இன்று தாய் மடியில் தவழ்கிறது.

கைவிடப்படும் பிள்ளைகளுக்குத் தொட்டில் வையுங்கள் என்று அரசைக் கேட்போம், உரத்துக் கேட்போம். ஆனால் எறிந்த கை ஒன்று என்றால், எறிய வைத்த வாய்கள் எத்தனை? ஏசிய வாய், எள்ளிய வாய், ஏனென்று கேளாத வாய். அதில் ஒரு வாய்தான் இந்த ஒலிவாங்கியின் முன் நிற்கிறது.

உங்கள் பட்டறையிலும் ஒருத்தி ஏதோ சொல்ல வந்து தயங்கி நிற்பாள். பேச்சை நிறுத்துங்கள். "என்னம்மா?" என்று கேளுங்கள்.

என் குற்றத்தையும் பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, கை கூப்பி இறங்குகிறேன். வணக்கம்.