ரன்வாவின் புத்தகமும் டும்மாஸின் மானமும்

– முடியாதுக்கா. ஏழாவது அத்தியாயத்தப் படிக்கக் கூடாதுன்னா, இப்பவே கோட்ட மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறேன். மேடையில நீயே நின்னு பான்கேக் சுடு.

– கோவிச்சுக்காத ரன்வா. நான் சொல்றதக் கேளு. உன் புஸ்தகம் வெளிவர்றதுல உன்னவிட எனக்குத்தான் சந்தோஷம். ஊர் மன்றத்துக்குத் தலைவியா இருந்துகிட்டு, சொந்தத் தங்கச்சிக்கு விழா எடுக்கறேன். நாற்காலி தொடைக்கறதுலேர்ந்து ருபார்ப் ஜாம் கிண்டறவரைக்கும் இந்த ஹெர்போர்க்தான். ஒரே ஒரு அத்தியாயம். அத விட்டுட்டு எதை வேணா படி.

– விழாவே அந்த அத்தியாயத்துக்குத்தான்.

– விழா ரெண்டு புஸ்தகத்துக்கு. மலையவிட்டு எறங்க மாட்டேன்னு அடம் பிடிக்கற செம்மறியாட்டுப் படப்புஸ்தகம் ஒண்ணு இருக்கு, மறந்துடாத. பள்ளிக்கூடத்துச் சின்னதுங்க ஆளுக்கொரு ஆடு வரஞ்சு எடுத்துட்டு வருதுங்க. அதுங்க முன்னாடி, ஒரு அப்பன் பெத்த பொண்ணுகிட்ட ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாம இருந்த கதையப் படிப்பியா?

– சின்னதுங்க ஆட்டுக்கதை கேட்டு, பான்கேக் தின்னுட்டு வீட்டுக்குப் போயிடும். அப்புறம் உக்காரப் போறது பெரிய பிள்ளைங்க. அதுங்களுக்கு நம்ம ஃபேரோ தீவு மொழியில படிக்க என்ன இருக்கு, சொல்லு. கேட்டா டேனிஷ்ல படிச்சுக்கோன்னு தள்ளி விடறோம். வீட்டுச் சண்டையெல்லாம் ஃபேரோ மொழியில, அழுகை மட்டும் டேனிஷ்லயா?

– நல்லாத்தான் பேசற. அந்தத் தோரணக் கயித்த இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டு, பசங்க எம்பி எம்பி இழுக்கும். பேச்செல்லாம் சரி. ஊர் வாய மூட உன்னால ஆவுமா? செவ்வாக்கெழமை உன் புஸ்தகம் கடைக்கு வந்துச்சு. வியாழக்கெழமைக்குள்ள ஊரே படிச்சு முடிச்சு, யார் அந்த அப்பன்னு கண்டுபிடிச்சாச்சு.

– யாராம்?

– டும்மாஸ்.

– டும்மாஸ் அண்ணனா? அவர் எங்கேருந்து வந்தாரு?

– பின்ன? உன் கதையில அந்த அப்பன் ஊர்ப் படகுக்குத் துடுப்புப் பயிற்சி குடுக்கறவன். இங்க குடுக்கறது யாரு? அவன் வாயத் தெறக்க மாட்டான். இங்க வாயத் தெறக்காதது யாரு? போட்டியில நம்ம படகு ஜெயிச்சப்பகூட டும்மாஸ் ‘ம்’னு ஒண்ணு சொன்னதோட சரி. கதையில பொண்ணு துடுப்புப் பிடிக்க மாட்டேன்னு சொல்றா, அன்னிலேர்ந்து அவன் பேச்ச நிறுத்திடறான். டும்மாஸோட மூத்த பொண்ணும் துடுப்ப விட்டவதானே?

– அவ முட்டி ஒடஞ்சு விட்டா.

– அதெல்லாம் ஊருக்கு எதுக்கு?

– அக்கா, அவர நெனச்சு நான் ஒரு வரி எழுதல. அது கதை.

– நீ கதைங்கற. ஊரு அத கேலிப்பாட்டுங்குது. நம்மாளுங்களுக்குப் பழகினது அதானே. எவனாவது ஏடாகூடமா எதையாவது பண்ணினா அவன்மேல பாட்டுக் கட்டுவாங்க. அப்புறம் வட்டமா கை கோத்து ஆடும்போது அவனையும் இழுத்து உள்ள விட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு தடியனுங்க கையப் பிடிச்சுக்கிட்டு, அவன் பாட்டுக்கே அவன ஆட வெப்பாங்க. ஹொக்னியும் மீன் ஆலைப் பசங்களும் பேசி வெச்சிருக்காங்க. நீ ஏழாவது அத்தியாயத்தப் படிச்சு முடிச்சதும் நாற்காலியெல்லாம் ஓரம் தள்ளிட்டு டும்மாஸ உள்ள இழுக்கறதாம். ஹொக்னி பாட்டே கட்டிட்டானாம்.

– அவன் முதல்ல புஸ்தகத்தப் படிச்சானா?

– பொண்டாட்டி படிச்சுச் சொன்னாளாம்.

– கேவலம். ஹொக்னிய நான் பாத்துக்கறேன். பாட்டு கீட்டுன்னு ஆரம்பிச்சான்னா மேடையிலேர்ந்து எறங்கிப் போய் அவன் காதப் பிடிப்பேன். ஆனா அத்தியாயத்த விட மாட்டேன்.

– ஏண்டி இப்படி ஒத்தக்கால்ல நிக்கற? ஒரு மனுஷன் தலை குனிஞ்சு நிக்கறதப் பாக்கணும்னு என்ன வெறி?

– வெறி இல்லக்கா. முந்தாநேத்து பஸ்ஸுல ஒரு பொண்ணு வந்து என் பக்கத்துல உக்காந்தா. ஏழாவது அத்தியாயம் படிச்சேன், எங்க வீட்டுலயும் இப்படித்தான்னா. அவ்வளவுதான். அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் போயிட்டா. அவ இன்னிக்கு வருவா. அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் வேற எதையோ படிக்கவா?

– எந்த வீட்டுப் பொண்ணு?

– பாத்தியா. நீயும் ஊர்தான்.

– சரி, சரி. டவுன்லேர்ந்து வர்ற படகுல யாரெல்லாம் வர்றாங்க?

– பதிப்பாளர். படப்புஸ்தகத்துக்கு ஆடு வரஞ்ச பொண்ணு. ரெண்டு பெட்டி புஸ்தகம்.

– வேற?

– வேற யார் வரணும்?

– சும்மா கேட்டேன். எய்னாவுக்குச் சொன்னியோன்னு.

– உன் பொண்ணுக்கு நீ சொல்ல வேண்டியதுதானே.

– அவளுக்கு எங்க நேரம். இங்க இவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் இருக்கு, அத விட்டுட்டு தலைநகரத்துல, டோர்ஸ்ஹவ்ன்லதான் படிப்பேன்னு போய் அத்தை வீட்டுல உக்காந்திருக்கா. நல்லாத்தான் இருக்கா. பேசுவா, எப்பவாவது. கிறிஸ்துமஸுக்கு மெசேஜ் போட்டா.

– போன கிறிஸ்துமஸுக்கா?

– அந்தப் பேச்ச விடு. கரண்டிய எடு.

– கதவு தெறந்திருந்துச்சு. வரலாமா?

– அட, டும்மாஸ் அண்ணே. வாங்க, வாங்க. என்ன இந்த நேரத்துல? காப்பி ஊத்தட்டுமா? ரன்வா, அண்ணனுக்குக் காப்பி குடு.

– வேணாம். படகுக் கொட்டகையிலேர்ந்து நாலு பெஞ்சு கொண்டாந்தேன். நாற்காலி பத்தாது.

– எதுக்குண்ணே உங்களுக்குச் சிரமம். சாயங்காலம் வேற குளிரு ஜாஸ்தியா இருக்கும்ங்கறாங்க. நீங்க வரணும்னுகூட இல்ல, வீட்டுலயே...

– வருவேன் ஹெர்போர்க். புஸ்தகத்தப் படிச்சேன். ரெண்டு தடவ.

– அது வெறும் கதைண்ணே. அதப் போய் மனசுல...

– நான்தான்னு சொல்றாங்க. கடையில, துறையில, எங்க போனாலும்.

– அது நீங்க இல்லண்ணே. எழுதினவ சொல்றேன், நம்புங்க.

– தெரியும் தாயி. நான் பேசாதவன், சரி. ஆனா என் பொண்ணு ஞாயித்துக்கெழமை ஃபோன் பண்ணுவா. அவ பேசுவா, நான் கேப்பேன். வெச்சிடறேன்ப்பான்னா, இன்னும் கொஞ்சம் பேசும்பேன். உன் கதையில வர்ற ஆளு, பேச்ச நிறுத்தறதுக்கு முன்னாடியே கேக்கறத நிறுத்திடறான். அவன் வேற ஆளு.

– நீங்க இவ்வளவு பேசி இன்னிக்குத்தாண்ணே கேக்கறேன்.

– முடிச்சுடறேன். ஹொக்னி பசங்க இழுத்தா இழுக்கட்டும், ஆடறேன். வாலிப வயசுல, கயிறு கட்டாத நங்கூரத்தக் கடல்ல எறிஞ்சவன் நான். அதுக்குப் பாட்டுக் கட்டினாங்க. நானும் சேந்து பாடிக்கிட்டே ஆடினேன். பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு.

– அது நீங்க செஞ்சது. செய்யாததுக்கு எதுக்கு ஆடணும்?

– யாராவது ஒருத்தன் ஆடிட்டா ஊருக்கு ஆறிப்போயிடும். இல்லன்னா நீ படிக்கற நேரம் முழுக்க, அவனா இவனான்னு கழுத்தத் திருப்பிக்கிட்டே இருப்பாங்க. பிள்ளைங்க கேக்கணும்ல கதைய.

– அண்ணே, அப்படி உங்கள ஆட விட்டுட்டு நான் புஸ்தகம் விக்க மாட்டேன்.

– அது உன் பாடு. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அந்தாளு பிள்ளைகிட்டப் பேசல. ஆனா தெனம் காலையில அவ சாக்ஸ ஹீட்டர்மேல போட்டு, சூடா எடுத்து ஷூ பக்கத்துல வெச்சிட்டுப் போறான். ஆம்பளைக்கு இதெல்லாம் தோணாது தாயி. என் சாக்ஸே எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. அத எங்கேருந்து பிடிச்ச?

– அது... சும்மா தோணிச்சுண்ணே.

– நல்லாருந்துச்சு. அதுக்குத்தான் ரெண்டாவது தடவ படிச்சேன். படகு வர்ற நேரமாச்சு. பெட்டியெல்லாம் என் வண்டியிலயே ஏத்திட்டு வந்துடறேன்.

– அக்கா, அண்ணன் போயாச்சு. ஜாம் அடிப்பிடிக்குது, பாரு.

– பிடிக்கட்டும். சாக்ஸ எதுக்கு எழுதின?

– அடுப்ப அணை முதல்ல.

– எய்னா சொன்னாளா?

– சொன்னா. கோடையில என் வீட்டுல வந்து தங்கினாளே, அப்ப. சர்ச்சுல வயசுப் பிள்ளைங்க எடுக்கற திடப்படுத்தல் சடங்க எடுத்துக்க மாட்டேன்னு அவ பாதிரியார்கிட்டப் போய்ச் சொன்னதும், நீ அதுக்குள்ள விருந்துக்கு ஊரையே அழைச்சு வெச்சிருந்ததும், அன்னிலேர்ந்து குளிர்காலம் முடியறவரைக்கும் நீ அவகிட்ட ஒரு வார்த்தகூட...

– போதும். என் வீட்டுல நடந்தத எனக்குச் சொல்லாத.

– அதனாலதான் அம்மாவ அப்பாவாக்கினேன். சர்ச்சப் படகாக்கினேன். யாரும் உன்னத் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு.

– இப்ப டும்மாஸத் திரும்பிப் பாக்கறாங்க.

– அத நான் யோசிக்கல. தப்புத்தான். மேடையில ஏறினதும் முதல் வேலையா, அது அவர் இல்லன்னு சொல்லிடறேன்.

– அப்ப யாருன்னு கேப்பாங்க.

– கேக்கட்டும். உன் பேர் என் வாயிலேர்ந்து வராது.

– படிச்ச அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு ரன்வா. சாக்ஸ் வர்ற பக்கத்துலயே புஸ்தகத்த மூடி வெச்சுட்டேன். மறுநாள் கடையில டும்மாஸ் டும்மாஸுன்னு பேசிக்கிட்டாங்க. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அந்த மனுஷன் பேரக் கெடுக்கறாங்கன்னு தெரிஞ்சும் ரொட்டி வாங்கிட்டுப் பேசாம வந்துட்டேன். இப்ப அவர் பெஞ்சு தூக்கிட்டு வந்து நிக்கறாரு. வெக்கமா இருக்குடி.

– அக்கா...

– அவ படிச்சாளா?

– கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே அனுப்பினேன். வேண்டாம்னா எடுத்துடறேன்னேன். ஒரு வார்த்தையும் எடுக்காதேன்னா. சாக்ஸ மட்டும் நான் எடுக்கப் பாத்தேன், அந்தாள ரொம்ப நல்லவனாக் காட்டுதேன்னு. அத எடுத்தா இது பொய்யாயிடும் சித்தின்னு சொன்னா.

– அவளா சொன்னா?

– அவதான். அழுதுகிட்டே சொன்னா.

– நான் அவகிட்டப் பேசணும்னுதான் தெனம் காலையில எழுந்திருப்பேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாது. நாள் போகப் போக இன்னும் கஷ்டமாப் போச்சு. கை மட்டும் அந்த சாக்ஸ எடுத்து ஹீட்டர்மேல போடும்.

– அவளுக்கு அது தெரியும்க்கா. அவ இந்தப் படகுலதான் வர்றா.

– எய்னாவா?

– முன் வரிசையில உக்காந்து ஏழாவது அத்தியாயத்தக் கேக்கணும்னா. அதுக்குத்தான் நான் காலையிலேர்ந்து உன்கூட மல்லுக்கட்டறேன்.

– முன்னாடியே சொல்லக் கூடாதா?

– சொல்லியிருந்தா மன்றத்தப் பூட்டிட்டு சாவியோட போயிருப்ப.

– போயிருப்பேன். பூட்டிட்டு, ஒடம்பு சரியில்லன்னு படுத்திருப்பேன்.

– இப்ப?

– ஹாரன் சத்தம். படகு வந்துடுச்சு. அந்த ஏப்ரன வாங்கிக்கோ. ரன்வா, ஏழாவது அத்தியாயத்த நீ படிக்காத.

– மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்காதக்கா. நீ என்ன சொன்னாலும் நான் படிக்கத்தான் போறேன்.

– நீ படிக்காத, நான் படிக்கறேன். அதுல ‘அப்பா’ன்னு வர்ற எடத்துலயெல்லாம் ‘அம்மா’ன்னு படிப்பேன்.