பலகைக்குப் பின்னால் வெறும் இடம்

மிருணாளினிக்குப் புட்டு ஆறினால் பிடிக்காது. அதனால்தான் பிள்ளைகளே, அவள் எழும்பும் சத்தம் கேட்ட பிறகே நான் மாவை அவிக்க வைப்பேன். பாரிசில், லாச்சப்பல் பகுதியில், இந்த இரண்டு அறை வீட்டில் நானும் என் மகளும் மட்டும்தான். அவள் அதிகம் பேசுவதில்லை.

இங்கிலாந்தில், கென்ட் பக்கத்துக் கிராமமொன்றில், அவளுக்கு ஒரு பெரிய வீடு இருந்தது. கணவன் ஜோனத்தானுக்குப் பரம்பரையாக வந்தது. 2014இல் அங்கே குடிபோனார்கள். முதல் தடவை நான் போனபோது கறுத்த ஓக் தூண்களைத் தடவித் தடவிக் காட்டினாள்.

“ஒரு இரும்பாணி இல்லையம்மா. எல்லாம் மர முளை அடிச்சு இறுக்கினது. நடுவிலை கம்பு பின்னி மண் அப்பியிருக்கு. நானூறு வருசமா நிக்குது.”

“மண்வீடு வேண்டாமெண்டு பாரிசுக்கு வந்தனாங்கள். நீ திரும்ப மண்வீட்டுக்கே போறாய்.”

சிரித்தாள். பாரிசில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“விளக்கு மட்டும் கொளுத்தாதீங்கோ. இந்தச் சுவர்ப் பலகைக்குப் பின்னாலை வெறும் இடம். நெருப்புப் பிடிச்சா வெளியிலை தெரியாது, உள்ளாலை கூரைக்கு ஏறிப்போடும்.”

கவனமாகக் கேட்டுக்கொண்டேன். தகப்பனில்லாத பிள்ளையை உணவகங்களில் கோப்பை கழுவி வளர்த்தவள் நான். கடைசிக் காலத்தில் என்னோடு இருப்பாள் என்று நம்பியிருந்தேன். அந்த வீடு நிற்கும்வரை அவள் வரப்போவதில்லை.

அடுத்த தடவை போனபோது, குடிபுகுந்ததற்குப் பால் காய்ச்ச வேண்டும் என்றேன். மின்னடுப்பில்தானே என்று சம்மதித்தாள். குளிர்சாதனப்பெட்டியில் இருந்த பாலைக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, பால் இல்லையே பிள்ளை என்று அவளைக் கடைக்கு அனுப்பினேன். பிறகு கற்பூரத்தைக் கொளுத்தி, பலகை விலகியிருந்த இடுக்கால் உள்ளே போட்டேன். தோட்டத்துக்குப் போய் ஆப்பிள் மரத்தடியில் நின்றேன். கூரையில் புகை தெரிய நேரமெடுத்தது. அவள் சொன்னது சரிதான்.

விசாரித்தவர்கள் மரியாதையானவர்கள். கிழவி சாமிக்குக் கற்பூரம் காட்டியபோது நேர்ந்த விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். ஒருவர் எனக்குத் தேநீரும் தந்தார்.

என்னோடு இங்கே வந்த பிறகு மிருணாளினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அம்மா, வெளியிலை வரேக்கை அவரைக் கூப்பிட்டனீங்களா?”

“ஓம் பிள்ளை. தொண்டை கிழியக் கூப்பிட்டனான்.”

நான் கூப்பிடவில்லை. ஜோனத்தான் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கூப்பிட்டிருந்தால் இறங்கி வந்து நெருப்பை அணைத்திருப்பான். நல்ல பொடியன். என்னை ‘மாமி’ என்று தமிழிலேயே அழைப்பான்.

அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை, பிள்ளைகளே. நான் எரித்தது வீட்டைத்தான்.