ஒரு சாண் தண்ணீர்

எல்லையாற்று நீர்மட்ட நிலையத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, தலைமை அளவையாளராக இன்று ஓய்வு பெறும் அம்மையாருக்கு நிலைய ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்

ஆற்றின் அளவறிந்த அம்மையீர்! எண்ணிலும் எழுத்திலும் இடறாத செம்மையீர்! கரைபுரளும் வெள்ளத்திலும் கணக்குப் பிறழாத கண்ணியமே! வணக்கம்.

இத்தகைய மடல்களில் பாராட்டப்படுபவரைக் கடலினும் ஆழம், மலையினும் உயரம் என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால், 'எத்தனை மீட்டர்? யார் அளந்தது?' என்று தாங்கள் கேட்டுவிடுவீர்கள் என்ற பயத்தில் அவ்வரிகளை அடித்துவிட்டோம். தேநீரில் சர்க்கரை போட்டாயிற்று என்று சொன்னாலும், "சரிபார்த்தாச்சா?" என்று கேட்பவர் அல்லவா தாங்கள்! இம்மடலுக்குச் சட்டம் போட்டிருக்கிறோம். வீட்டுச் சுவரில் மாட்டுமுன் மட்டம் பார்ப்பீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

முழங்கால் வரை ரப்பர் காலணியும், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பென்சிலுமாக, காலை ஆறு மணிக்குத் தாங்கள் படித்துறையில் நிற்காத நாள் இல்லை. நம் அளவுகோலின் எண்ணைத் தொலைபேசியில் சொல்வீர்கள். எல்லைக்கு அப்பால், ஆறு மைல் கீழே இருக்கும் நிலையத்து அளவையாளர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தம் எண்ணைத் தருவார். பிறகு, "சரிதானே தங்கச்சி?" என்பார். "சரிண்ணே" என்பீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இரு நாடுகளின் பேச்சுவார்த்தை பலமுறை முறிந்திருக்கிறது. இந்த அழைப்பு மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய கோடையை யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் நிலையத்தில் நீர் ஒரு மீட்டருக்குக் குறையாமல் கீழே செல்ல வேண்டும் என்பது உடன்படிக்கை. நம் பதிவேடு ஒரு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர் என்றது. அவர்கள் வயல்களோ வெடித்துக் கிடந்தன. "உங்க தண்ணி காகிதத்துலதாங்க ஓடுது, ஆத்துல ஓடல" என்றார் அக்கரை அளவையாளர். அன்றிலிருந்து அவர் 'தங்கச்சி' என்பதை விட்டுவிட்டார். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நம் செய்தித்தாள்கள் எழுதின. நாம் திருடுகிறோம் என்று அவர்களுடையவை எழுதின. இரண்டே வாரத்தில் பாலத்தின் இரு முனைகளிலும் மணல் மூட்டைகள் ஏறின, பின்னால் பீரங்கிகள் வந்தன. படித்துறைக்குப் போகவே நமக்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது.

அந்நாளில் தாங்கள் ஒருவர்தான் நம் அளவுகோலைச் சந்தேகித்தீர்கள். கொளுத்தும் வெயிலில் மட்டக்கருவியைத் தோளில் சுமந்துபோய், பாலத்தடிப் பாறையிலிருந்து அளந்து பார்த்தீர்கள். பழைய அளவுகோலை மழைக்கால வெள்ளம் அடித்துப் போயிருந்ததால் புதிது நட்டிருந்தோம். பாறையில், கோலின் பூஜ்யம் நிற்க வேண்டிய நம் குறிக்குக் கீழே, பாலம் கட்டியவர்கள் வெட்டிய வேறொரு குறியும் உண்டு. புதிய கோலின் பூஜ்யம் அந்தத் தவறான குறியில் நின்றது. கோல் ஒரு சாண் தாழ்ந்திருந்ததால், இல்லாத ஒரு சாண் தண்ணீரை நாம் மாதக்கணக்கில் எழுதி வந்திருக்கிறோம்.

மேலதிகாரி தொலைபேசியில் கெஞ்சாத குறைதான். "இப்பப் போய் தப்பு நம்ம மேலன்னு எழுதினா நாட்டுக்கே தலைகுனிவும்மா. கொஞ்ச நாள் பேசாம இருங்க."

"சார், பாலத்துல நிக்கிற பசங்களுக்கு இந்த ஒரு சாண் தெரியாது. நமக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றீர்கள் தாங்கள். அன்று மாலையே அறிக்கை போயிற்று: 'பிழை எங்கள் நிலையத்தினுடையது. பொறுப்பு என்னுடையது.' மேலே நம் அணையின் மதகு திறந்தது. ஒன்பதாம் நாள் மணல் மூட்டைகள் இறங்கின. மறுநாள் காலை ஆறு மணிக்கு, "சரிதானே தங்கச்சி?" என்ற குரல் கேட்டபோது தாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தியதை நாங்கள் பார்த்தோம்.

தங்களுக்குக் கிடைத்தது பணிக்கோப்பில் 'கவனக்குறைவு' என்ற ஒரு சொல். அந்தச் சொல்லால் மண்டல அலுவலகப் பதவி இருமுறை கைநழுவியது. இன்றைய ஓய்வு ஆணையிலும் அது ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

இதுவரை 'நாங்கள்' என்று வாசித்து வந்தவன், இனி 'நான்' என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கோலை நட்டவன் நான். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் கருவி வைத்துப் பார்க்காமல், கண்ணுக்கு முதலில் பட்ட குறியில் நிறுத்திவிட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்று பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். அந்தக் கையெழுத்தைத் தாங்கள் பார்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மட்டக்கருவியை என் கையில் கொடுத்து, "இனிமே ரெண்டு பேராப் போங்க. சரிபார்த்தாச்சான்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கோங்க" என்றீர்கள். ஊரே கேலி செய்யும் தங்கள் கேள்வி அன்று பிறந்ததுதான். பதினோரு ஆண்டுகளாக அந்தக் கேலிக்கு நானும் எல்லோருடனும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, அம்மா.

நாளை முதல் தங்கள் நாற்காலி எனக்கு என்று ஆணை வந்திருக்கிறது. நேற்று, அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலோடு, பிழை என்னுடையது என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ஆணை நிற்குமா, நிற்காதா என்பது இனி அவர்கள் பாடு. தங்கள் கோப்பிலிருந்து அந்தச் சொல் போக வேண்டும். அது போதும்.

அம்மையீர்! முழங்கால் வலி விலகி, மூச்சு சீராகி, மக்களும் பேரப்பிள்ளைகளும் சூழ நெடுங்காலம் நலமாக வாழுங்கள். காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்தாலும் புரண்டு படுத்துத் தூங்குங்கள். இம்மடலில் ஒரு சொல்லும் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. நிலையத்தார் பதின்மரும் பதிவேட்டை எதிரே விரித்து வைத்து, இருவர் இருவராகப் படித்துப் பார்த்த பின்பே கையெழுத்திட்டோம்.

சரிபார்த்தாச்சு, அம்மா.

இங்ஙனம்,
இக்கரை நீர்மட்ட நிலைய ஊழியர்கள்