விரல்நுனியில் ஒரு பொறி

— கதவோரமாவே நில்லு கைசர். பிள்ளையை நான் தூக்கித் தர மாட்டேன். தொட்டிலோட எடுத்துக்கிட்டுப் போ.

— வெளியில மைனஸ் முப்பது அண்ணி. ஒரு வாய் டீ குடுத்துட்டாவது விரட்டுங்க.

— விளையாடாதே. இவன் கரகண்டாவுல உங்கம்மாகிட்ட வளரட்டும். அவரு செத்து இன்னிக்கு நாற்பதாம் நாள். செத்தவங்களுக்கான ஏழு ஷெல்பெக் ரொட்டியும் எண்ணெயில சுட்டாச்சு. அந்த எண்ணெய் வாசனைக்கும் உங்கண்ணன் அடங்கலை.

— அண்ணனா? இங்கயா?

— பிள்ளை கன்னத்தைத் தொட்டா என் விரல்ல பொறி வெடிக்குது. வீறிட்டு அழறான். அவருதான் என் கைவழியா அடிக்கறாரு.

— காலைப் பாருங்க. கம்பளிச் செருப்பு. கீழே நைலான் விரிப்பு. ரெண்டும் உரசினா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குச் சார்ஜ் தாவும், உங்க உடம்புல சேரும். காத்துல ஈரம் இருந்தா சத்தமில்லாம கசிஞ்சுடும். சூட்டுக்குழாய் ஓடற இந்த வீட்டுல ஈரம் ஏது? எதையாவது தொட்டதும் ஒரே பாய்ச்சல். அவ்வளவுதான் விஷயம்.

— பெட்ரோல் டெப்போவுல படிச்ச பாடத்தை என்கிட்ட ஒப்பிக்காதே.

— சாவியைப் பிடிச்சு அந்தச் சூட்டுக்குழாயைத் தொடுங்க.

— ...சடக்குன்னுது.

— வலிச்சுதா?

— இல்லை.

— இறங்கிடுச்சு. நின்ன இடத்துலேர்ந்தே பிள்ளையைத் தொடுங்க. தொடுங்க அண்ணி.

— ...சிரிக்கறான்.

— அப்புறம் என்ன? கூடவே வெச்சுக்குங்க.

— அப்ப டாங்கர் மேல உங்கண்ணனைத் தீ பிடிச்சது?

— அதுவும் இதேதான். அங்க மூடியைச் சுத்திப் பெட்ரோல் ஆவி இருந்தது.

— ஆட்டுத்தோல் கோட்டு, உள்ளே செயற்கை இழை ஸ்வெட்டர். கோட்டைக் கழட்டிட்டு மூடியைத் தொட்டாரு. விசாரணையில நீதானே சாட்சி சொன்னே?

— நான்தான்.

— அந்த ஸ்வெட்டரைச் சந்தையில பேரம் பேசி வாங்கி, அவரு தலைவழியா மாட்டிவிட்டது நான். இங்கே பேய் இல்லைன்னா, அவரைக் கொளுத்தினது என் கைதான். அந்தக் கையால இவனுக்குச் சோறு ஊட்டச் சொல்றியா? தொட்டிலைத் தூக்கு.

— என்னால முடியாது.

— கனமா இருக்கா?

— என்கிட்ட குடுக்காதீங்க அண்ணி.

— ஏன்டா முகம் இப்படி வெளுத்துப் போச்சு?

— அன்னிக்குக் காலையில நான் குளிர்ல நடுங்கறதைப் பாத்து, அண்ணன் அந்த ஸ்வெட்டரைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டாரு. தீ பிடிச்சது பக்கத்துல நின்ன அவரை; கோட்டைக் கழட்டிட்டு மூடியைத் தொட்டது நான்.