துரை நடுங்கிப் பாறை

நம்ம மலைக்கு ரயிலே வராத காலமாம். மலை அடிவாரத்துல வாழைக்காட்டூருன்னு முப்பது வீட்டு ஊரு. அங்க ஒரு துரை வந்தாராம். பேரு கிரிபித்து. வேல்ஸுன்னு ஒரு சீமை, அங்க ஏழு நிலக்கரிச் சுரங்கத்துக்கு முதலாளியாம். மலையைக் குடைஞ்சு ரயில் விடக் குத்தகை எடுத்து வந்தவரு.

அவ்வளவு பெரிய துரை, ரயிலுக்காகக் குடையுற குகைக்குள்ள மட்டும் கால் வைக்கமாட்டாராம். வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்து வேலை வாங்குவாராம். ஏன்னா, சின்னப் பிள்ளையில அவரும் சுரங்கத்துல கரி அள்ளுனவருதானாம். ஒன்பது வயசுல, பக்கத்துல நின்ன அப்பன் மேல கூரை இறங்குனதைக் கண்ணால பாத்தவராம்.

ஒரு நாள் மத்தியானம். அடைமழை விட்டு வெயில் அடிக்குது. குகைக்குள்ள இருந்து 'கிர்ர்ர்...'னு ஒரு சத்தம். துரைக்கு முகம் வெளுத்துப்போச்சாம்.

"மேஸ்திரி, எல்லாரையும் வெளிய கூப்பிடு!"

"முட்டுக் கொடுத்த மரம் மழையில ஊறி முனகுது துரை. அதுக்குப் போயி..."

"கூப்பிடுன்னா கூப்பிடு!"

மணி அடிச்சாங்களாம். கடப்பாரையைப் போட்டுட்டு ஆளுங்க ஓடி வந்தாங்களாம். பாத்தா ஒருத்தரைக் காணோம். எங்க பூட்டன் மாடக்கண்ணு. வெடி வச்சு வச்சுக் காது அடைச்சுப்போன மனுசன், மணி எங்க கேக்கும்? கடைசி முனையில உளி அடிச்சுக்கிட்டே இருக்காரு.

மேஸ்திரி உள்ள போகலையாம். கூடப்பிறந்த அண்ணன் போகலையாம். மறுபடியும் 'கிர்ர்ர்...'.

துரை எந்திரிச்சாராம். காலு நடுங்குது, கை நடுங்குது, பல்லு தந்தியடிக்குது. நடுங்கிக்கிட்டே விளக்கை எடுத்தாராம். நடுங்கிக்கிட்டே உள்ள போனாராம். தலைக்கு மேல மண்ணு பொலபொலன்னு உதிருது. அவரு பாஷையில ஏதோ புலம்பிக்கிட்டே போனது வாசல் வரைக்கும் கேட்டுச்சாம்.

பூட்டன் தோள்ல ஒரு கை விழுந்துச்சாம். திரும்பினா துரை! அந்த முகத்தைப் பாத்ததுமே பூட்டனுக்கு விளங்கிருச்சாம். உளியைப் போட்டாரு, ரெண்டு பேரும் ஓட்டம். வெளிய வந்து நாலு எட்டு வைக்கல, பின்னால மலை சரிஞ்சு வாசலையே மூடிருச்சாம்.

துரை பக்கத்துப் பாறையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னாராம். பொழுது சாயுற வரைக்கும் நடுக்கம் நிக்கலையாம்.

மேஸ்திரி கேட்டாராம், "வெறும் சத்தம்னுதான துரை நாங்க நெனச்சோம். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?"

"நான் பயந்தவன்யா. அதான் எனக்குக் கேட்டுச்சு."

அப்புறம் வேற பக்கம் குடைஞ்சாங்க. ரயில் இப்ப அந்த வழியாத்தான் போகுது. பழைய வாசல் மூடினபடி கிடக்கு. அதுக்குப் பக்கத்துல நிக்குற பாறைக்குத்தான் துரை நடுங்கிப் பாறைன்னு பேரு. இன்னைக்கும் நம்ம ஊர்ல, கிணறு வெட்டப் போனாலும் சரி, தேனெடுக்கப் போனாலும் சரி, "பயப்படாம போ"ன்னு யாரும் சொல்றதில்ல. "பயந்து போயிட்டு வாய்யா"ன்னுதான் சொல்லி அனுப்புறது.