ஒளிரும் மேலுடை அணிந்திருக்கவில்லை எனக் கூறப்படுகிறது

மங்காத மஞ்சள் மேலுடை அணிந்து, மின்விளக்கே தேவையில்லை என்னும்படி இந்த மேடையை மிளிர வைத்துக்கொண்டிருக்கும் விழாத் தலைவர் அவர்களே! எங்கள் நாளிதழின் ஆசிரியர் அவர்களே! (இருவரும் ஒருவர்தான். ஆனாலும் அவரை இரண்டு முறை விளிப்பது என் வேலைக்கு நல்லது.) விளம்பரப் பிரிவின் மேலாளர் அவர்களே! போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்களே! மிதிவண்டி ஓட்டுவோர் சங்கத்தின் செயலாளர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் கதவோரம் பார்த்து இடம் பிடித்திருக்கும் பெரியோர்களே! வெளியே சுவரில் சாய்ந்து உங்களுக்காகக் காத்திருக்கும் இருநூறு சைக்கிள்களே! அத்தனை பேருக்கும் என் அடக்கமான வணக்கம்.

எனக்குத் தரப்பட்டது நன்றியுரை. அந்தச் சொல்லைக் கேட்டதுமே நாற்காலிகள் நகரும் சத்தமும் கேட்கிறது. உட்காருங்கள் அய்யா, உட்காருங்கள். ஐந்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் பத்திரிகைக்காரன். ஐந்து என்றால் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

இன்று எங்கள் நாளிதழ் உங்கள் அனைவருக்கும் ஒளிரும் மேலுடையை இலவசமாக வழங்குகிறது. முதுகில் பத்திரிகையின் பெயர். மார்பில் முழக்கம்: ‘பளிச்சென்று தெரிவோம், பத்திரமாக வருவோம்.’ நல்ல முழக்கம்தான். எழுதியவன் நான். ஆனால் சற்றுமுன் இந்த மேடையில் நடந்ததைக் கவனித்தீர்களா? தேநீர்த் தட்டு வந்தது. ஆய்வாளருக்குக் கிடைத்தது. மேலாளருக்குக் கிடைத்தது. எனக்கே கிடைத்தது. நட்ட நடுவில், கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் அமர்ந்திருக்கும் தலைவருக்கு மட்டும் கிடைக்கவில்லை! தட்டைக் கொண்டுவந்தவரிடம் கேட்டேன். “அய்யய்யோ, தலைவர் அங்கயா இருந்தாரு? நான் பார்க்கலையே சார்” என்றார். தலைவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். இன்னும் சற்று நேரத்தில் சிரிக்கமாட்டார்.

அன்பு நெஞ்சங்களே, நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் துணை ஆசிரியர். நிருபர்கள் தொலைபேசியில் சொல்வதைச் செய்தியாக்கி, பத்தியில் அடக்கிப் பக்கத்தை மூடுவது என் வேலை. விபத்துப் பக்கம் என் பக்கம். அந்தப் பக்கத்தில் நாங்கள் வளர்த்திருக்கும் தமிழைக் கேளுங்கள். ‘கட்டுப்பாட்டை இழந்த கார்’ என்று எழுதுவோம். இழந்தது யார்? காரா? ‘தாறுமாறாக ஓடிய கார்’ என்று எழுதுவோம். ஓடியது யார்? காரா? ‘கண்ணிமைக்கும் நேரத்தில் கார் மோதியது’ என்று எழுதுவோம். மோதியது யார்? காரா? அந்தக் கார் காலையில் தானே எழுந்து, தானே குளித்து, தானே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியதா? உள்ளே ஒருவர் இருந்தாரே, அவர் எங்கே? எங்கள் பக்கத்தில் அவருக்கு இடமே கிடையாது. அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் கார் விளம்பரத்துக்கு மட்டும் தாராளமாக இடம் உண்டு. மேலாளர் அவர்களே, தண்ணீர் குடியுங்கள்.

சரி, சைக்கிளில் போனவருக்கு என்ன எழுதுவோம்? அவருக்கென்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். ‘சைக்கிளில் சென்றவர் ஒளிரும் மேலுடை அணிந்திருக்கவில்லை எனக் கூறப்படுகிறது.’ அடடா, என்ன வாக்கியம்! பத்தியின் அடியில் ஒரு வரி இடம் மிச்சமிருந்தால், தையற்காரர் அளவெடுத்துத் தைத்த மாதிரி அப்படியே உட்காரும். ஓர் எழுத்து கூடாது, ஓர் எழுத்து குறையாது. கூறப்படுகிறது, கூறப்படுகிறது என்கிறோமே, கூறியது யார்? போலீசா? பார்த்தவரா? பக்கத்துக் கடைக்காரரா? ஒருவருமில்லை. நான்தான் கூறினேன், நான்தான் கேட்டேன், நான்தான் அச்சிட்டேன்.

ஒருமுறை முடிதிருத்தும் கடைச் சுவரில் சாத்தி வைத்திருந்த சைக்கிள்மீது, பின்னோக்கி வந்த கார் ஏறிவிட்டது. செய்தியில் ஒரு வரி இடம் மிச்சம். போட்டேன் வாக்கியத்தை! மறுநாள் காலை சைக்கிளுக்கு உரியவர், வளைந்த சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “ஏன் சார், நான் உள்ள நாற்காலில உட்கார்ந்து மூஞ்சி பூரா சோப்பு நுரையோட இருந்தேன். சவரம் பண்ணிக்கும்போதுகூட அந்தக் கோட்டைப் போட்டுக்கணுமா?” என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “போட்டிருந்தா நல்லதுதானே” என்றேன். சொல்ல வாய் கூசவில்லை எனக்கு.

என்னம்மா? மூன்றாவது வரிசைத் தாய் ஏதோ கேட்கிறார். ‘தீயணைப்பு வண்டி மேலயே ஒருத்தர் இடிச்சாரே, அப்ப என்ன எழுதினீங்க?’ என்கிறார். நல்ல நினைவாற்றல் அம்மா உங்களுக்கு! வண்டி செக்கச் சிவப்பு. உச்சியில் சுழலும் விளக்கு. ஊரை எழுப்பும் மணி. இடித்தவர், “திடீர்னு வந்துடுச்சு” என்றார். நாங்களும் அதையே போட்டோம். மேலுடை வாக்கியத்தைப் போடவில்லை. தீயணைப்பு வண்டியின் அளவுக்கு மேலுடை கிடையாதே.

சிரித்தது போதும் அன்பர்களே. இனி என் கதைக்கு வருகிறேன்.

முன்வரிசையில் இடது ஓரத்தில், மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலிமீது நீட்டி, ஊன்றுகோலை மடியில் வைத்து ஓர் அம்மையார் அமர்ந்திருக்கிறார். அவர் என் உடன்பிறந்த அக்கா. தபால் பட்டுவாடா செய்பவர். இருபத்தாறு ஆண்டுகளாகச் சைக்கிளில் கடிதம் கொண்டுபோகிறார். தன் சுற்றில் எந்த வீட்டுக் கதவு இழுத்தால் திறக்கும், எந்த வீட்டு நாய் எந்தச் சக்கரத்தைக் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அலுவலகம் கொடுத்த மஞ்சள் மேலுடையைப் போடாமல் அவர் தெருவில் இறங்கியதே இல்லை.

இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் பதினொரு மணி. பளீரென்ற வெயில். ஒரு கார் பின்னால் வந்து அக்காவைத் தூக்கிப் போட்டது. பாருங்கள், எனக்கும் நாக்கு திருந்தவில்லை! காரை ஓட்டியவர் தூக்கிப் போட்டார்.

மாலையில் நிருபர் தொலைபேசியில் சொன்னார்: “தபால்காரம்மா ஒருத்தங்க. சைக்கிள். பின்னாடி இருந்து கார். கால் முறிவு. ஓட்டினவர் போலீஸ்ல சொல்லிட்டார் சார், போன்ல வழி பார்த்துக்கிட்டே ஓட்டினேன், முன்னாடி போனவங்களைப் பார்க்கலைன்னு.” பெயரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பத்தியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வரி. ஓட்டியவர் சொன்னதைப் போட்டால் மூன்று வரி ஆகும். என் வாக்கியம் ஒரே வரி.

ஓட்டியவர் சொன்னதை வெட்டினேன். என் வாக்கியத்தைப் போட்டேன். பக்கத்தை மூடினேன்.

மூடிய பிறகுதான், வேலைக்கு வந்ததும் மேசை இழுப்பறையில் போட்டு வைத்த கைப்பேசியை எடுத்தேன். அத்தான் பதினேழு முறை அழைத்திருந்தார். மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கே அக்காவைப் பார்த்ததும் எழுதிய வரி நினைவுக்கே வரவில்லை. அன்றாடம் போடும் செருப்பை யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? மறுநாள் காலை அக்கா கட்டிலில் படுத்தபடி பேப்பரைப் பிரித்தார். படித்தார். “டேய் தம்பி! நான் மஞ்சக் கோட்டு போட்டிருந்தேனேடா! நர்ஸம்மா கத்தரியால வெட்டித்தானே கழட்டுனாங்க! இதை எவன்டா எழுதுனான்?”

நான் சொன்னேன்: “விசாரிக்கிறேன்க்கா.”

விசாரித்தேன் அன்பர்களே, பன்னிரண்டு நாளாக விசாரித்தேன். குற்றவாளி தினமும் காலையில் நான் பல் துலக்கும்போது கண்ணாடியில் எதிரே வந்து நின்றான். அவனை என்னால் பிடிக்க முடியவில்லை.

இதற்குள் அக்காவுக்கு மேலதிகாரியிடமிருந்து ஓலை வந்தது. ‘பத்திரிகைச் செய்தியின்படி தாங்கள் மேலுடை அணியாமல் பணி செய்துள்ளீர். தங்களைப் பட்டுவாடாப் பணியிலிருந்து ஏன் நிரந்தரமாக விலக்கக் கூடாது?’ அத்தான் வெட்டுப்பட்ட மேலுடையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினார். அதிகாரி மேசைமேல் ஒரு பக்கம் மேலுடை, ஒரு பக்கம் பேப்பர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அதிகாரி சொன்னாராம்: “கோட்டை வீட்லகூட வெட்டிக்கலாம். பேப்பர்ல வந்திருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க?” வரும் திங்கட்கிழமை விசாரணை. தோற்றால் அக்கா இனித் தெருவில் இறங்க முடியாது. பின்கட்டு அறையில் உட்கார்ந்து முத்திரை குத்த வேண்டியதுதான். “என்னை ரூமுக்குள்ள உட்கார வச்சா நான் செத்துடுவேன்டா” என்றார் அக்கா. அழாத அக்கா அழுதார்.

நான் ஆசிரியரிடம் போனேன். “திருத்தம் போடணும் சார்” என்றேன். “திருத்தம் போட்டா நாம தப்புப் பண்ணினதா ஆயிடும்யா” என்றார். “பண்ணினோம் சார்” என்றேன். “அதுக்காகப் போடணுமா? மேலுடை விழா வேற வருது” என்றார். விழா வந்துவிட்டது. நானும் வந்துவிட்டேன். ஒலிவாங்கி என் கையில் இருக்கிறது.

அக்கா, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அந்த வரியை எழுதியவன் உன் தம்பிதான்.

அக்கா, ஊன்றுகோலைக் கீழே வை. ஆய்வாளர் அவர்களே, தயவுசெய்து கொஞ்சம் என் பக்கம் நகர்ந்து நில்லுங்கள்.

‘நீயாடா?’ என்கிறார். நான்தான் அக்கா. உன்னைப் பார்க்காமல் ஓட்டியவன் ஒருவன், பார்க்காமல் எழுதியவன் ஒருவன். அவன் அன்றே ஒப்புக்கொண்டான். எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. வெட்கமாக இருக்கிறது அக்கா.

தலைவர் எழுகிறார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று திருப்பிச் சொல்கிறேன். ‘சரிய்யா, திருத்தம் போட்டுடலாம். தபால் ஊழியர் ஒளிரும் மேலுடை அணிந்திருந்தார்னு ஒரு வரி. போதுமா?’ என்கிறார். கைதட்டுங்கள்! மனம் மாறும் மனிதருக்குக் கைதட்டுங்கள்!

இருங்கள், இருங்கள். அக்கா கையைத் தூக்குகிறார். ‘போதாது’ என்கிறார்.

என்னக்கா? மெதுவாகச் சொல், நான் திருப்பிச் சொல்கிறேன். ‘நான் போட்டிருந்தேன், சரி. போன மாசம் பாலத்துக்கிட்ட சைக்கிள்ல போறப்ப அடிபட்டாரே பால்காரர், அவர் போடலை. அவர் செத்துட்டாரு. அவரை இடிச்சவனும் பார்க்கலைன்னுதான் சொன்னான். நான் கோட்டு போட்டிருந்தேன்னு நீங்க போட்டா, போடாத அவர் மேலதான் தப்புன்னு ஆயிடாதா? கோட்டைப் பத்தி ஒண்ணுமே போடாதீங்க. ஓட்டினவங்க பார்க்கலைன்னு போடுங்க.’

சபையோரே, பால்காரர் செய்தியின் அடியிலும் அதே வரி இருந்தது. அதையும் நான்தான் போட்டேன். சைக்கிளில் போகிறவர் எப்படித் தெரிந்தார் என்றே இருபத்திரண்டு ஆண்டுகள் கேட்டேன். எதிரே இருந்தவர் பார்த்தாரா என்று ஒருநாளாவது கேட்டேனா? மேலுடை நல்லது. மறுக்கவில்லை. போடுங்கள், மகிழ்ச்சியாகப் போடுங்கள். ஆனால் போடாதவனின் உயிரும் உயிர்தானே? கறுப்புச் சட்டைக்காரனுக்கும் வீட்டில் ஒருத்தி சோறு வைத்துக் காத்திருப்பாள்தானே? பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை என்பதை எழுத மறுக்கும் பேனாவுக்கு, உடையைப் பற்றி எழுத என்ன உரிமை?

அக்கா, திங்கட்கிழமை விசாரணைக்கு நான் வருகிறேன். அந்த வரி என் கற்பனை என்று என் கையெழுத்தில் எழுதித் தருகிறேன். மேலுடைக் கணக்கு அங்கே தீரட்டும்.

தலைவர் கேட்கிறார்: ‘எத்தனை வரிய்யா வரும்?’ நன்றியுரைத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிவிட்டேன் அய்யா. படிக்கிறேன்.

‘திருத்தம். தபால் ஊழியர்மீது காரை மோதியவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். முன்னால் சென்றவரைப் பார்க்கவில்லை. பாலத்தருகே பால்காரர்மீது மோதியவரும் முன்னால் பார்க்கவில்லை. இருவருமே இதைச் சொன்னார்கள். நாங்கள் அச்சிடவில்லை.’

தலைவர் தாளை வாங்கிப் பார்க்கிறார். ஒரு சொல்லும் வெட்டவில்லை. ‘விளம்பரத்தைக் குறைச்சுக்கிட்டு அப்படியே போடு’ என்கிறார்!

ஆகவே, வெட்டாத தலைவருக்கு நன்றி. விட்டுக்கொடுக்கப்போகும் மேலாளருக்கு நன்றி. நடுவில் நின்று என்னைக் காத்த ஆய்வாளருக்கு நன்றி. அடிக்காமல் கேட்ட அக்காவுக்கு ஆயிரம் நன்றி. பொறுமையாய் இருந்த தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் நன்றி. சைக்கிளில் வந்தவர்களே, நலமாகப் போய் வாருங்கள். காரில் வந்தவர்களே, பார்த்துப் போங்கள். வணக்கம்.