ஒரே வேலைக்கு இரண்டு ஆமை

எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கவே அரை நாள் ஆகும், மேடம். கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டை எடுத்துப் போட்டுவிட்டால் போதும், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு நடந்து பார்ப்பேன். வாரின் தையலைப் பார்ப்பேன், குதிகாலை அழுத்திப் பார்ப்பேன். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று அவர் சலித்துக்கொள்வார். எந்த இரண்டும் ஒன்று கிடையாது. பொறுமையாகப் பார்த்தால் ஏதாவது ஒன்று ஒரு நூல் மேலே இருக்கும். அந்தப் பொறுமை எனக்கு உண்டு. நீங்கள் எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

பெயர் தங்கதுரை. சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை அமுக்கி வண்டிப் பாகமாக்குகிற பெரிய மிஷின் இருக்கிறதே, அதற்குள் அச்சு மாட்டிச் சரிபார்த்துக் கொடுக்கிறவன் நான். மாட்டிக் கொடுத்தபின் ஓட்டுகிறவன் உமைர். அவன் ராயக்கோட்டைக்காரன், அவன் அப்பா அக்பர் பாஷா அங்கே தக்காளி மண்டி வைத்திருக்கிறார். ஜூஜுவாடியில் நானும் அவனும் ஒரே ரூம். ஒரே உயரம், ஒரே ஒடிசல். கேட்டில் நிற்கிற நாராயணம்மா அவனைத் தங்கதுரை என்றும் என்னைப் பாய் என்றும் கூப்பிடுவார். எனக்கு முப்பத்து மூன்று வயது, அவனுக்கு இருபத்து மூன்று. அது ஒன்றுதான் பார்த்தவுடன் தெரிகிற வித்தியாசம்.

நாங்கள் இருவரும் போனில் ஒரு சண்டை கேம் ஆடுவோம். ஆளுக்கு ஆறு மிருகங்களை எடுத்துக்கொண்டு எதிராளியின் ஆறோடு மோதவிட வேண்டும். நீங்கள் ஒரு அடி, அவர் ஒரு அடி என்று யோசித்து ஆடுகிற ஆட்டம். அவசரமே இல்லை, ஒரு கட்டைவிரல் இருந்தால் போதும். அதில் அடியைத் தாங்கி நிற்பதற்கென்றே இரண்டு ஆமைகள் உண்டு. அவற்றின் பெயர் எங்கள் வாயில் நுழையாது. பச்சை ஆமை, கருப்பு ஆமை என்றே சொல்வோம்.

பச்சைக்கு உயிர் கூடுதல். கருப்புக்கு உயிர் கொஞ்சம் குறைவு, வேகம் மட்டும் ஒரே ஒரு புள்ளி அதிகம். மற்றதெல்லாம் சமம். யூடியூபில் பேசுகிறவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பச்சை என்பார்கள். ஆனால் வேகம் அதிகமுள்ளதுதான் முதலில் ஆடும். இரண்டு ஆமையும் எதிரெதிரே நின்றால் கருப்பு முதலில் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும், பச்சையின் அடி வீணாகப் போகும். மாதக்கணக்கில் இரண்டையும் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் கருப்பு என்று முடிவு செய்தேன். பச்சையை அவிழ்த்து விட்டுவிட்டேன். அந்த கேமில் அப்படி ஒரு வசதி உண்டு, விட்டால் திரும்ப வராது. வைத்திருந்தால் மனசு அலைபாயும்.

இரண்டையும் அணியில் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் ஒரே பலவீனம், மின்னல். மின்னல் அடிக்கிற மிருகம் ஒன்று வந்தால் இரண்டும் அடுத்தடுத்து விழும். ஒரே வேலைக்கு இரண்டு ஆமை வைப்பது ஒரு இடத்தை வீணடிப்பது.

உமைர் இப்படியெல்லாம் பார்க்க மாட்டான். "எதிர்ல ஆட்றது யாருன்னு பாத்துட்டு எடுக்கலாம்ணா. அவசரக்காரனா இருந்தா பச்ச, நிதானமா ஆட்றவன்னா கருப்பு. இதுல என்னா பெரிய ஆராய்ச்சி?" என்பான். இரண்டையும் வளர்த்து வைத்திருந்தான். கொள்கை என்று ஒன்று கிடையாது. ஆனாலும் எங்களுக்குள் ஆடினால் பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான். அதை நான் மறைக்கவில்லை, மேடம். ஒப்பிடுகிறவன் நேர்மையாக இருக்க வேண்டும்.

போன வருஷம் பூபதி என்று ஒருவர் எங்களைத் தேடி வந்தார். அத்திப்பள்ளிக்காரர், பெங்களூரில் இந்த கேமுக்கு ஒரு டீம் நடத்துகிறார். சேர்த்துக்கொண்டால் மாதச் சம்பளம், தங்க இடம், நாள் முழுக்க ஆட்டம்தான் வேலை. எங்கள் ரூமில் பாயில் உட்கார்ந்து இருவரோடும் ஆடிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே ஸ்டைல் குரு. தாங்கி நின்னு ஆட்றீங்க. எனக்கு அந்த எடத்துக்கு ஒருத்தர்தான் வேணும்" என்றார். திங்கட்கிழமை யார் என்று சொல்வதாகச் சொல்லிவிட்டு, உமைர் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. சொல்ல வெட்கமில்லை. பிரஸ் சத்தத்தில் என் இடது காது பாதி போய்விட்டது. பொற்கொடி, என் மனைவி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டாள். "அந்த ஷாப்புல கெடக்குற வரைக்கும் உனக்கு நானும் ஒண்ணுதேன், அந்த மிஷினும் ஒண்ணுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு வேலை கிடைத்தது என்று அவளுக்கு ஒரு போன் போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதைத் தவிர வேறு வழியில் அவள் திரும்ப வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே உட்கார்ந்து யோசித்தேன். ஆட்டத்தில் அவன் ஒரு நூல் மேல். சரி. ஆனால் வயது? அவனுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது, இன்னொரு டீம் வரும். இதுவும் இல்லாவிட்டால் அப்பாவின் மண்டி இருக்கிறது. எனக்கு எதுவும் இல்லை. ஒரு இடத்தை யாருக்குக் கொடுத்தால் அதிகப் பயன் என்று பார்த்தால் எனக்குத்தான் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அந்த விடைதான் வந்தது. பூபதி அப்படிப் பார்க்க மாட்டார், ஜெயிக்கிறவனைத்தான் எடுப்பார் என்பதுதான் சிக்கல்.

பிரஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அப்படி ஓட்டினால் யாருக்கும் டார்கெட் வராது. அதனால் எல்லோரும் ஒரு பட்டனில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி அமுக்கிக் கட்டிவிட்டு, ஒரு கையால் அமுக்கி மறு கையால் தகட்டை வைப்பார்கள். சூப்பர்வைசருக்கும் தெரியும். ஆடிட் வருகிற அன்று டியூபை அவிழ்த்து பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். கட்டினாலும் பயமில்லை, ஏனென்றால் முன்னால் ஒரு சென்சார் இருக்கிறது. கை உள்ளே இருந்தால் அது மிஷினை நிறுத்திவிடும்.

அச்சு மாட்டும்போது என் கை உள்ளேயே இருக்கும் என்பதால், அந்த சென்சாரை ஒரு சாவியால் அணைத்துவிட்டுத்தான் மிஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவேன். வேலை முடிந்ததும் சாவியைத் திரும்பத் திருப்ப வேண்டும். சாவி என்னிடம்தான் இருக்கும். ஓட்ட வருகிறவன் முதல் தகடு வைப்பதற்கு முன்னால் ஒரு மரக்குச்சியை உள்ளே நீட்டி, சென்சார் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குச்சி ஒவ்வொரு மிஷினிலும் தொங்கும். சென்னகிருஷ்ணன் மாட்டிக் கொடுத்த மிஷினில் எல்லோரும் குச்சி வைத்துப் பார்ப்பார்கள், அவர் ஞாபகமறதிக்காரர். நான் மாட்டிக் கொடுத்ததில் யாரும் பார்ப்பதில்லை. "தங்கதுரைணா வேலைன்னா குச்சி எதுக்கு" என்பார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தச் சனிக்கிழமை முதல் ஷிஃப்டில் புது அச்சு மாட்டினேன். எல்லாம் முடித்தேன். சாவியைத் திருப்பவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. யோசித்துப் பார்த்தால் நான் எதையும் செய்யவில்லை, ஒன்றைச் செய்யாமல் விட்டேன்.

உமைர் கேன்டீனிலிருந்து வந்தான். எனக்கும் ஒரு வடை பேப்பரில் சுற்றிக் கொண்டு வந்திருந்தான். வழக்கம்போல் வலது பட்டனில் டியூபைக் கட்டினான். குச்சியை எடுக்கக் கை நீட்டினான் என்றுதான் நினைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணா, சென்சார் ஆன்ல இருக்குதா?" என்று கேட்டான்.

"இருக்குப்பா" என்றேன்.

அவன் குச்சியைத் தொடவில்லை. நான் இருக்கிறது என்று சொன்ன பிறகு குச்சி வைத்துப் பார்த்தால் என்னை நம்பவில்லை என்று ஆகிவிடும். அவன் மரியாதை தெரிந்த பையன். அதை நான் முன்கூட்டியே யோசித்திருந்தேன்.

நான் நினைத்தது ஒரு விரல்நுனி, அதிகம் போனால் ஒரு நகம். ஒரு மாதம் லீவில் இருப்பான், அதற்குள் பூபதி என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். வடையைச் சாப்பிட்டுக்கொண்டே பக்கத்து மிஷின் ஓரமாக நின்றேன். அன்று அவன் நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு தகடு அச்சில் சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது, கையை விட்டு நகர்த்தினான். பிரஸ் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவன் கத்தியதுதான் எனக்குக் கேட்டது, அதுவும் வலது காதில்தான். வலது கை, கட்டைவிரல் தவிர நான்கும்.

எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். நான் முதலில் சாவியைத் திருப்பினேன். பிறகு ஓடி, வேஸ்ட் துணியைச் சுற்றி, அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆட்டோவில் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. நான் அழுதேன், மேடம். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதேன். மருத்துவமனையில் அவன் அம்மா தாஹிரா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி எம்புள்ள போயிருப்பான் தம்பி" என்றார். நானும் பிடித்துக்கொண்டேன்.

கம்பெனி விசாரித்தது. சென்சார் வேலை செய்தது. பட்டனில் டியூப் இருந்தது. டியூப் கட்ட வேண்டாம் என்று பலமுறை சொன்னேன் என்று நான் கையெழுத்துப் போட்டேன். தப்பு அவனுடையது என்று முடிவானது, வேலையும் போனது. வார்டில் கட்டோடு படுத்திருந்தவன், "சென்சார் இருந்தும் எப்புட்றா மாட்டுச்சுன்னு யோசிச்சிட்டே இருக்கேன்ணா. நான்தான் கைய ஏடாகூடமா வுட்டுட்டேனா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "உங்களையும் என்கொயரில நிக்க வெச்சிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றான்.

இப்போது ராயக்கோட்டையில்தான் இருக்கிறான். மண்டியில் கூடையும் தூக்க முடியவில்லை, எடையும் போட முடியவில்லை. கேமை போனிலிருந்தே எடுத்துவிட்டான். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். எனக்கு அது புரியவில்லை. இடது கை முழுசாக இருக்கிறது, வலது கட்டைவிரலும் இருக்கிறது. ஆட்டத்தை நான் அவனிடமிருந்து எடுக்கவில்லை. அவனாக விட்டுவிட்டான்.

பூபதி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பொற்கொடிக்கு போன் செய்தேன், பார்க்கலாம் என்றாள். சில மாதங்களில் கேம் கம்பெனிக்காரர்கள் ஒரு அப்டேட் விட்டார்கள். இரண்டு ஆமையின் உயிரையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். இப்போது பச்சையையும் யாரும் எடுப்பதில்லை, கருப்பையும் எடுப்பதில்லை. தாங்கி நிற்கிற ஆளே டீமுக்குத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. பொற்கொடி அதன்பின் போனை எடுக்கவில்லை. நான் பழைய ஷாப்புக்கே வந்துவிட்டேன். அதே பிரஸ், வேறு ஒருவன் ஓட்டுகிறான், டியூப் கட்டித்தான் ஓட்டுகிறான். நான் மாட்டிக் கொடுத்தால் அவனும் குச்சி வைப்பதில்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. சும்மா இருந்திருக்கலாம். பூபதியின் ரூமைக் காலி செய்த அன்று அவர் ஒன்று சொன்னார், அதனால்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். பெட்டியை வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்தவர், "அந்த உமைர் பையன் எப்படி இருக்கான் குரு? பாவம். அடிபட்றதுக்கு மொத நாளே எனக்கு போன் பண்ணான். எனக்கு வேணாம், அண்ணனுக்குக் குடுங்க, அவருக்கு வயசாகிட்டே போகுது, அண்ணிய கூட்டிட்டு வரணும்னு சொன்னான். நானும் சரி ஆய்த்துன்னுட்டேன். உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரே ரூமில்தான் படுத்திருந்தோம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை, மேடம். கேட்ட நேரத்தில் பெட்டியை வாங்காமலே தெருவில் இறங்கி நடந்தது உண்மைதான். பிறகு நிதானமாக யோசித்தேன். கையில் வந்த இடத்தை ஒருவன் தானாக எடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்கிறான் என்றால், ஜெயிக்க வேண்டும் என்கிற வெறி அவனுக்கு இல்லை என்று அர்த்தம். ஆட்டத்தில் அவன் ஒரு நூல் மேல் என்று நான் நினைத்ததே தப்பு. அந்த நூலும் என் பக்கம்தான் இருந்திருக்கிறது. இதை அவனிடம் சொல்ல முடியாது, பொற்கொடியிடமும் சொல்ல முடியாது. விஷயம் தெரிந்த ஒருவர் ஒன்று விடாமல் கேட்டுவிட்டுச் சரிதான் என்று சொன்னால் எனக்குப் போதும். அதற்காகத்தான் வந்தேன்.

எழுதியதில் கையெழுத்துப் போடுகிறேன். முதலில் நீங்கள் சொல்லுங்கள், மேடம். எங்கள் இருவரில் நீங்கள் யாரை எடுத்திருப்பீர்கள்?